முன்னறையை அளந்து பாருங்கள்

 

நம் குடும்பங்களில் வீட்டுமனைத் தரகுத் தொழிலை மேற்கொண்டுள்ளோர் பலர். அவர்களுள் பெரும்பாலோர் கடைத்தெருவில் அலுவலகம் வைத்திருப்பதில்லை. வீட்டின் முன்னறையே அவர்களுக்கு அலுவலகம். ஒரு மேசை, நான்கு நாற்காலிகள், சுவரில் மனைப்பிரிவின் வரைபடம், அலமாரியில் பத்திர நகல்கள், வில்லங்கச் சான்றுகள். வருவோருக்குத் தேநீர் கொடுத்து அனுப்புவது உள்ளே இருக்கும் இல்லத்தரசியின் பொறுப்பு. தொழில் இப்படிக் குடும்பத்தோடு ஒன்றிக் கலந்து விடுவதால், 'இது ஒரு தொழில். இதற்கும் கணக்கு உண்டு' என்னும் எண்ணமே பலருக்குத் தோன்றுவதில்லை. அந்த எண்ணம் தோன்றாமற் போனால் ஒரு குடும்பம் எவ்வளவு இழக்க நேரும் என்பதை அண்மையில் என் கண்ணாலேயே கண்டேன்.

என் உறவினர் ஒருவர்; வயதில் எனக்கு மூத்தவர்; இருபது ஆண்டுகளாக மனைத் தரகர். 2025 மே மாதத்தில் ஒரு நாள் அவர் என் வீட்டுக்கு வந்தார். கல்லூரியில் சேரவிருந்த அவருடைய மகளுக்குக் கல்வி உதவி வழங்க ஓர் அறக்கட்டளை முன்வந்திருந்தது. தந்தையின் மூன்றாண்டு வருமான வரிப் படிவங்களை அது கேட்டிருந்தது. "தம்பி, நான் யாரையும் ஏமாற்றியவனல்லன். வரி கட்டும் அளவுக்கு எனக்கு வருமானமும் இல்லை. அப்படியிருக்க நான் எதற்குப் படிவம் கொடுக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்" என்றார். அவர் கூறியது உண்மையே. ஆனால் அந்த உண்மையைக் காட்டுவதற்கு அவரிடம் ஒரு தாள் கூட இல்லை.

இருவரும் ஓர் ஆடிட்டரிடம் சென்றோம். அவர் கணினியில் என் உறவினரின் பான் எண்ணைக் கொண்டு வரி விவரத்தைத் திறந்து காட்டினார். மனைப்பிரிவு நிறுவனம் ஒன்று 2022-23 நிதியாண்டில் இவருக்கு 4,80,000 ரூபாய் தரகு கொடுத்து, அதில் 5 சதவீதமாகிய 24,000 ரூபாயை வரியாகப் பிடித்தம் செய்து அரசுக்குச் செலுத்தியிருந்தது. அடுத்த ஆண்டில் 5,20,000 ரூபாய்க்கு 26,000 ரூபாய். ஆக 50,000 ரூபாய். அவ்விரு ஆண்டுகளிலும் அவர் கட்ட வேண்டிய வரி ஒன்றுமில்லை. உரிய காலத்தில் படிவம் தாக்கல் செய்திருந்தால் அத்தொகை முழுவதும் அவருடைய வங்கிக் கணக்குக்குத் திரும்பி வந்திருக்கும். பிடித்தம் செய்தது அவருக்குத் தெரியும். திரும்பப் பெறலாம் என்பது தெரியாது!

காலம் கடந்த பிறகேனும் தாக்கல் செய்யலாமே என்று நான் கேட்டேன். ஆடிட்டர் தந்த விளக்கம் எனக்கு வியப்பளித்தது. விட்டுப்போன ஆண்டுகளுக்குப் 'புதுப்பிக்கப்பட்ட படிவம்' தாக்கல் செய்யும் வசதி 2022 முதல் உண்டு; அதற்கான காலம் 2025இல் நான்கு ஆண்டுகளாகவும் நீட்டிக்கப்பட்டது. ஆனால் அது கூடுதல் வரி செலுத்த வேண்டியவர்களுக்கே உரியது. அரசிடமிருந்து பணம் திரும்பப் பெற வேண்டியவர் அதைப் பயன்படுத்த இயலாது. எஞ்சியுள்ள ஒரே வழி, தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுமாறு வருமான வரித்துறை உயர் அதிகாரிக்கு மனுச் செய்வதுதான். உண்மையான இடர்ப்பாட்டைக் காட்ட வேண்டும்; மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். அவர் மனுச் செய்துள்ளார். இதை எழுதும் வரை முடிவு வரவில்லை. அறக்கட்டளையின் உதவி அவ்வாண்டு வேறொரு மாணவிக்குப் போயிற்று. மகளின் முதலாண்டுக் கட்டணத்துக்குத் தாயின் இரண்டு வளையல்கள் விலையாயின.

இந்நிலை நம் வாசகர் எவருக்கும் வரக்கூடாது என்பதற்காகவே, ஆடிட்டரிடம் கேட்டும் சட்ட விவரங்களைப் படித்தும் நான் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

தரகருக்கு உத்தேசக் கணக்கு இல்லை

சிறு வணிகர்களுக்குச் சட்டம் ஓர் எளிய வழியை வைத்துள்ளது. கணக்கேடுகளைக் காட்டாமலேயே, மொத்த வரவில் 8 சதவீதத்தை, வங்கி வழியாக வந்த தொகையானால் 6 சதவீதத்தை, இலாபமாகக் கொண்டு படிவம் தாக்கல் செய்துவிடலாம். மளிகைக் கடைக்காரர் இவ்வழியைப் பின்பற்றலாம். தரகர் பின்பற்ற முடியாது. கமிஷன், தரகு, முகவாண்மை ஆகியவற்றால் வருமானம் ஈட்டுவோருக்கு இச்சலுகை இல்லை என்று சட்டமே விலக்கி வைத்துள்ளது. மருத்துவர், வழக்கறிஞர் போன்றோருக்கு உள்ள 50 சதவீத உத்தேசத் திட்டத்திலும் தரகர் சேர்வதில்லை.

'எட்டு சதவீதம் போட்டுக் கொடுத்துவிடுகிறேன்' என்று சில இடங்களில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அப்படித் தாக்கல் செய்த படிவம் பின்னொரு நாளில் ஆய்வுக்கு வந்தால், பொறுப்பேற்க வேண்டியவர் கையொப்பமிட்ட தரகரே; எழுதிக் கொடுத்தவர் அல்லர். தரகரின் முறையான வழி, வரவையும் செலவையும் உள்ளபடி எழுதி, மிச்சத்தை இலாபமாகக் காட்டுவதுதான். 2025-26 வரையிலான ஆண்டுகளுக்கு இதற்குரிய படிவம் ஐ.டி.ஆர்.-3 ஆகும்.

முன்னறைக்கு எவ்வளவு கழிக்கலாம்?

வீட்டில் ஒரு பகுதியைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால், அப்பகுதிக்குரிய வாடகையைத் தொழிற்செலவாகக் கழித்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகிறது. அமெரிக்காவில் சதுர அடிக்கு 5 டாலர் வீதம் 300 சதுர அடி வரை கழிக்கும் ஓர் எளிய முறை 2013ஆம் ஆண்டு முதல் உள்ளது. அங்கே வாழும் உறவினர் சொல்லக் கேட்டு, இங்கும் அப்படி ஒரு நிலையான தொகை உண்டென்று சிலர் எண்ணுகின்றனர். நம் நாட்டில் அப்படி இல்லை. உண்மையான செலவு எவ்வளவோ, அதில் தொழிலுக்குரிய பங்கு எவ்வளவோ, அவ்வளவுதான்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வாடகை வீடு 900 சதுர அடி. தரகு அலுவலகமாக உள்ள முன்னறை 135 சதுர அடி. அதாவது 15 சதவீதம். மாத வாடகை 15,000 ரூபாயானால், முன்னறையின் பங்கு மாதம் 2,250 ரூபாய். ஆண்டுக்கு 27,000 ரூபாய். மின்கட்டணத்திலும் இதே பங்கைக் கொள்ளலாம்.

சொந்த வீடாயின் தமக்குத் தாமே வாடகை கொடுத்ததாக எழுத முடியாது. சொத்து வரி, நடப்புப் பழுதுபார்ப்பு, கட்டடக் காப்பீடு ஆகியவற்றில் முன்னறைக்குரிய பங்கைக் கழிக்கலாம். கட்டடத்துக்குத் தேய்மானமும் உண்டு. குடியிருப்புக் கட்டடத்துக்கு ஆண்டுக்கு 5 சதவீதம். நிலத்தின் விலைக்குத் தேய்மானம் இல்லை.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் வீடு பெண்மக்களுக்கு உரியதாக இருப்பதும், மணமகன் மனைவியின் வீட்டில் வாழ்வதும் வழக்கம். அங்குள்ள தரகர்கள் கேட்கக்கூடும்: மனைவிக்கு வாடகை கொடுத்ததாகக் காட்டலாமா? உண்மையில் கொடுத்தால் காட்டலாம். ஓர் ஒப்பந்தம் எழுதி, அவ்வூரில் அத்தகைய இடத்துக்குரிய நியாயமான வாடகையை மாதந்தோறும் வங்கி வழியாக மனைவியின் கணக்குக்கு அனுப்ப வேண்டும். மனைவி அதைத் தம் வருமானமாகக் கொள்ள வேண்டும். வீடு மனைவிக்குப் பெற்றோர் வழியாக வந்ததாயின் சிக்கல் இல்லை. கணவரே தம் பணத்தில் வாங்கி மனைவி பெயரில் வைத்த வீடாயின், அந்த வாடகை கணவரின் வருமானத்துடனேயே சேர்க்கப்படும். கொடுக்காத வாடகையைக் கொடுத்ததாகத் தாளில் மட்டும் எழுதுவது பொய்க் கணக்கு. வேறு பெயர் அதற்கில்லை.

பகலில் வாடிக்கையாளர் அமர்ந்து, இரவில் பிள்ளைகள் உறங்கும் கூடமாயின், கூடம் முழுவதையும் தொழிலிடமாகக் காட்டுவது நேர்மையாகாது. பயன்பாட்டுக்கு ஏற்பக் குறைத்தே எழுத வேண்டும். எனவேதான் சொல்கிறேன்: ஓர் அளவு நாடாவை எடுத்து முன்னறையை அளந்து பாருங்கள். அளந்ததைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். கேள்வி வரும் நாளில் அந்த ஒரு தாள் உங்களுக்காகப் பேசும்.

மற்றச் செலவுகள்

மனை காட்டுவதற்காக அலைவதே தரகரின் முதற்செலவு. பெட்ரோல், வண்டிப் பழுது ஆகியவற்றில் தொழிலுக்குரிய பங்கு, தொலைபேசிக் கட்டணத்தில் தொழிலுக்குரிய பங்கு, விளம்பரத் தட்டிகள், துண்டறிக்கைகள், நகல் எடுத்தல் ஆகியவற்றைக் கழிக்கலாம். வண்டிக்கு 15 சதவீதம், கணினிக்கு 40 சதவீதம், மேசை நாற்காலிகளுக்கு 10 சதவீதம் எனத் தேய்மானம் உண்டு. வாங்கிய ஆண்டில் 180 நாள்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதி. அதே வண்டியில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறீர்களல்லவா? அந்தப் பங்கைக் கழித்துவிட்டு எழுதுங்கள்.

இணைத்தரகருடன் தரகைப் பகிர்ந்தால் அவருடைய பங்கும் உங்கள் செலவே. ஆனால் ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு கணக்கில் ஏற்கப்படாது. வங்கி வழியாகக் கொடுங்கள். 'மேசைக்கு அடியில்' கொடுத்ததை எந்தத் தலைப்பிலும் எழுத முடியாது; சட்டம் தடுத்த காரியத்துக்கான செலவு தொழிற்செலவு ஆகாது.

ஜகாத்தையும் கழிக்கலாமா என்று சிலர் கேட்கின்றனர். ஜகாத் தொழிற்செலவு அன்று. வரிச்சலுகை பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு மட்டும், பழைய வரிமுறையைத் தேர்ந்தவர் சலுகை கோரலாம். அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்குச் சலுகை இல்லை. வரி வரியே, ஜகாத் ஜகாத்தே. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. எனினும் ஆண்டு முழுதும் ஒழுங்காகக் கணக்கு எழுதுபவருக்கு இரண்டையும் கணிப்பது எளிது.

எழுதியவருக்கும் எழுதாதவருக்கும் உள்ள வேறுபாடு

முன்னர் கூறிய அதே வாடகை வீட்டுத் தரகரை எடுத்துக்கொள்வோம். 2025-26 நிதியாண்டில் அவருடைய மொத்தத் தரகு 13,40,000 ரூபாய். செலவுகள்: முன்னறை வாடகை 27,000, மின்சாரம் 18,000இல் 15 சதவீதம் 2,700, தொலைபேசி 7,200இல் முக்கால் பங்கு 5,400, பெட்ரோலும் வண்டிப் பழுதும் 72,000இல் முக்கால் பங்கு 54,000, விளம்பரமும் நகலும் 38,000, வண்டித் தேய்மானம் 12,000இல் முக்கால் பங்கு 9,000, தொழிலுக்கென்றே வைத்துள்ள 30,000 ரூபாய்க் கணினிக்குத் தேய்மானம் 12,000. கூட்டுத்தொகை 1,48,100 ரூபாய். மிச்சம் 11,91,900 ரூபாய்.

அவ்வாண்டுக்குப் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்குத் தள்ளுபடியால் வரி இல்லை. எனவே இவர் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. இவரே செலவு எதையும் எழுதி வைக்காதவராக இருந்தால், 13,40,000 ரூபாய்க்கும் வரி கணிக்கப்பட்டு, கூடுதல் தீர்வையுடன் 84,240 ரூபாய் கட்ட நேரும். ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தின் விலை 84,240 ரூபாய் என்றால் நம்புவீர்களா?

இன்னொன்றையும் மனத்திற் கொள்ளுங்கள். புதிய வரிமுறையில் கழிவுகளே இல்லை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. காப்பீடு, சேமிப்பு போன்றவற்றுக்கான சலுகைகளில் பெரும்பாலானவை அதில் இல்லை என்பது உண்மை. ஆனால் தொழிற்செலவு சலுகை அன்று. இலாபத்தைக் கணிக்கும் வழி. ஆகவே அது இரு வரிமுறைகளிலும் உண்டு.

இந்த 12 லட்ச எல்லையே சிலருக்குச் சோதனையாகவும் அமையலாம். மிச்சம் சற்றே எல்லையைத் தாண்டும்போது, 15 சதவீத முன்னறையை 40 சதவீதமாக எழுதிவிடலாமா என்று மனம் தூண்டும். அதற்குத் தேவையே இல்லை. எல்லைக்கு மேல் எவ்வளவு மிகுந்ததோ அதைவிட அதிகமாக வரி வாராதபடி சட்டத்திலேயே தணிப்பு உள்ளது. உரிமையை விட்டுக்கொடுப்பதும் தவறு. உரிமையில்லாததை எடுத்துக்கொள்வதும் தவறு.

முன்பணம் உங்கள் பணம் அன்று

தரகர்கள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும் இடம் இது. வாங்குவோர் கொடுக்கும் முன்பணத்தைத் தம் சேமிப்புக் கணக்கில் போட்டு, பிறகு விற்பவருக்குக் கொடுப்பார்கள். ஓராண்டில் 10 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ சேமிப்புக் கணக்கில் ரொக்கமாகச் செலுத்தப்பட்டால் வங்கி அதை வருமான வரித்துறைக்குத் தெரிவிக்கும். அமானத்தாக வந்த பணத்துக்கு உங்களிடம் விளக்கம் கேட்கப்படும். மேலும், சொத்து விற்பனைக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதைச் சட்டம் 2015 ஜூன் முதல் தடை செய்துள்ளது. முன்பணம் வாங்குபவரின் கணக்கிலிருந்து நேரே விற்பவரின் கணக்குக்குச் செல்லட்டும். உங்கள் கணக்குக்கு உங்கள் தரகு மட்டும் வரட்டும். இயன்றால் தொழிலுக்கெனத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, யாரிடமிருந்து அல்லது யாருக்கு, எதற்காக, எவ்வளவு என நான்கு பத்திகள். அன்றாடம் இரவில் எழுதிவிட வேண்டும். கணவருக்கு நேரமில்லையெனில் மனைவியோ மகளோ எழுதலாம். இதனால் இன்னொரு நன்மையும் உண்டு: எவரிடமிருந்து தரகு வரவேண்டியுள்ளது என்பதைக் குடும்பமும் அறிந்திருக்கும்.

இரண்டாவதாக, உங்களுக்குத் தரகு கொடுக்கும் நிறுவனம் பிடித்தம் செய்த வரி உங்கள் பான் எண்ணில் பதிவாகியுள்ளதா என ஆண்டுக்கு இருமுறையேனும் பாருங்கள். 2024 அக்டோபர் முதல் இப்பிடித்தம் 5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. தொகை சிறிதென்று விட்டுவிட வேண்டாம்.

மூன்றாவதாக, பிடித்தம் போக ஆண்டு வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வருமெனில், ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் ஆகிய மாதங்களின் 15ஆம் நாளுக்குள் நான்கு தவணைகளில் முன்கூட்டியே செலுத்த வேண்டும். தவறினால் வட்டி விதிக்கப்படும்.

நான்காவதாக, ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு தேவை. இங்கே கணக்கிடுவது இலாபத்தை அன்று, மொத்த வரவை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு பெற்ற மனைப்பிரிவுகளை விற்றுக் கொடுக்கும் முகவர் தாமும் பதிவு பெற வேண்டும். கணக்கேடுகளும் வைத்திருக்க வேண்டும்.

ஐந்தாவதாக, வரி இல்லை என்று உறுதியாகத் தெரிந்தாலும் கெடு நாளுக்குள் படிவம் தாக்கல் செய்யுங்கள். அவ்வாண்டின் கெடு நாள் எது என்பதை முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2025-26 வரையிலான வருமானத்துக்கு 1961ஆம் ஆண்டின் சட்டமும், 2026 ஏப்ரல் 1 முதலான வருமானத்துக்கு 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டமும் பொருந்தும். பிரிவு எண்களும் படிவங்களும் மாறுவதால், ஒருமுறை நல்ல ஆடிட்டர் ஒருவரை நேரில் கண்டு ஆலோசிப்பது சாலச் சிறந்தது.

என் உறவினரைப் பற்றி ஒரு சொல். 2024-25ஆம் ஆண்டுக்கான படிவத்தை அவர் உரிய காலத்தில் தாக்கல் செய்தார். பிடித்தம் செய்த தொகை சில வாரங்களில் அவர் கணக்குக்கு வந்து சேர்ந்தது. இப்போது அவர் வீட்டு முன்னறை மேசைமேல் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அதை எழுதுபவர் கல்லூரிக்குச் செல்லும் அவருடைய மகள். முதல் பக்கத்தில் முன்னறையின் நீள அகலத்தை அவரே அளந்து எழுதி வைத்திருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் அந்த முதல் பக்கம் இவ்வாரமே எழுதப்படட்டும்.